கொழுந்து மாடியில் காய்ந்த காகிதங்கள்

எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட்டதில்லை. அப்பாவின் அப்பா கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில் அச்சுக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். அச்சாகிற ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எடுத்து வைத்துவிடுவார். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அழைப்பு, மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், மாதா கோயில் பாட்டுத்தாள், முட்டைக்கோஸ் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் எல்லாம் பத்திரமாக இருக்கும். வீட்டுக் காகிதம் வேறு, தொழில் காகிதம் வேறு என்று பிரித்து வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. என் பிறப்புப் பத்திரம் ஒருமுறை தக்காளி லேபிள்களுக்கு நடுவே கிடைத்தது. அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களின் நகல்கள், பிழை திருத்திய தாள்களின் பின்பக்கத்தில் இருந்தன. முன்பக்கம் யாரோ ஒருவருடைய காதுகுத்து, பின்பக்கம் எங்கள் குடும்ப வழக்கு.

அவர் இறந்த பிறகு அச்சுக்கூடமும் அந்தக் காகிதங்களும் அப்பாவுக்கு வந்தன. எங்களை ஊரில் ‘பிரஸ் கடைக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். முன்னால் மெஷின், பின்னால் சமையற்கட்டு, மேலே படுக்கை. மெஷின் ஓடும்போது மேலே கட்டில் ஆடும். அந்த ஆட்டத்திலேயே நான் தூங்கிப் பழகியவள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, எழுபதுகளின் கடைசியில், ஒரு பெருமழை பெய்தது. கேமரன் மலையில் மழை புதிதல்ல. ஆனால் அந்த முறை கடைக்குப் பின்னாலிருந்த காய்கறித் தோட்டத்துச் சரிவு கரைந்து, செம்மண் தண்ணீராகப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. பள்ளி விட்டு வந்து பார்க்கிறேன், அம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். எங்கள் வீட்டுச் சட்டி ஒன்று மெஷினைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இரும்பு. ஈய எழுத்துகளைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காகிதங்கள் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டுகள் முழுவதும் நனைந்துவிட்டன. பிஸ்கட் டின்களைத் திறந்தால் உள்ளே சேறும் தாளும் கலந்து கூழாக நின்றது. கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி கனத்தன.

அப்பா அதில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மேல்தாளின் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிஞ்சிடும், விடுங்க.”

“லைசென்ஸ் இதுக்குள்ளதான் இருக்கு. கடை நிலத்துச் சுராட்டுப் பத்திரமும் இதுக்குள்ளதான்,” என்றார் அப்பா. பிறகு, “எங்கப்பா கையெழுத்து பூரா இதுக்குள்ளதான்,” என்றார்.

அச்சுக்கூடம் நடத்த அரசாங்க உரிமம் வேண்டும். வருஷா வருஷம் பழைய உரிமத்தைக் காட்டித்தான் புதியதை வாங்க வேண்டும். அதற்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா சாப்பிடவில்லை என்பது மட்டும்தான்.

காகிதங்களை உலர்த்த அவர்கள் செய்யாதது இல்லை. மாடியில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். வெயிலே இல்லாத ஊரில் கயிறு என்ன செய்யும்? தொங்கவிட்டது தொங்கவிட்டபடியே ஈரமாக இருந்தது. அடுப்பருகே வைத்த தாள்கள் பழுத்து, தொட்டால் ஒடிந்தன. அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்த்தாள். அச்சு மை அசையவில்லை, ஆனால் பேனாவால் எழுதியிருந்ததெல்லாம் நீலமாக ஊறிப் பரவிவிட்டது. அதைப் பார்த்ததும் அப்பா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டார். அடுத்தடுத்த நாட்களில் கட்டுகளிலிருந்து பூஞ்சை வாடை கிளம்பியது.

“தேயிலை ஆலையில, கொழுந்து வாட்டுற மாடியில போட்டா காஞ்சிடும்,” என்றாள் அம்மா ஒரு மாலை, பாத்திரம் கழுவிக்கொண்டே, யாருக்கும் சொல்லாததுபோல.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “உங்கண்ணன் விடுவாரா?”

மறுநாள் காலை அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் இத்தனை இறுக்கமாக ஏன் பின்னுகிறாள் என்று நான் யோசித்தேன்.

மாமா என்பவரை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் அண்ணன். மேலே தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலைக் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக மோட்டார் சைக்கிளில் எங்கள் கடை வழியாகப் போவார். போகும்போது கழுத்து எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கடைதான் இருந்தது. அதில் அப்படி என்ன பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியதில்லை. அம்மா மாரியம்மன் கோயில் குடும்பத்துப் பெண். அப்பா மாதா கோயிலுக்குப் போகிறவர். இரண்டு பேரும் யாரையும் கேட்காமல் மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து மாமாவும் அப்பாவும் பேசுவதில்லை. இதை என்னிடம் யாரும் இப்படிச் சொல்லவில்லை. நான் கேட்டபோது, மாமாவுக்கு ஆலைச் சத்தத்தில் காது மந்தம், அப்பாவுக்கு மெஷின் சத்தத்தில் காது மந்தம், அதனால்தான் பேசிக்கொள்வதில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் அதை முழுவதுமாக நம்பினேன்.

அம்மாவும் நானும் தோட்டத்து லோரி ஒன்றில் ஏறி மேலே போனோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆலைக்கு முன்னால், கொழுந்து நிறுக்கும் கொட்டகை ஓரமாக அம்மா குடையுடன் நின்றுவிட்டாள். “நீ போய்ச் சொல்லு. நான் இங்கயே நிக்கிறேன்.”

நான் உள்ளே போனேன். தேயிலை வாசம் மூக்கை அடைத்தது. மாமா மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்.

“யாரு பிள்ளை நீ?” என்றார். என் முகம் அம்மாவை உரித்து வைத்தது என்று ஊரே சொல்லும்.

“பிரஸ் கடைப் பிள்ளை,” என்றேன், அவருக்குக் காது மந்தம் என்பதால் சத்தமாக.

“ஏன் கத்துற? என்ன வேணும்?”

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன். தண்ணீர் வந்தது, தாத்தாவின் காகிதமெல்லாம் நனைந்தது, கொழுந்து மாடியில் ஒரு நாள் போட இடம் வேண்டும். அவர் கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே அம்மா, குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“உங்கம்மா ஏன் உள்ள வரல?”

“அம்மா வந்தா நீங்க எழுந்து போயிருவீங்களாம்.”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் துடைத்தார்.

“ஞாயித்துக்கிழமை காலையில லோரி வரும்னு சொல்லு,” என்றார். நான் கதவருகே போனதும், “மழையில நிக்க வேணாம்னு சொல்லுலா,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. ஆலை ஓய்ந்திருக்கும். தோட்டத்து மேனேஜரான துரையும் ஈப்போவுக்குப் போயிருந்தார். சொன்னபடி லோரி வந்தது. டிரைவர் இருக்கையில் மாமாவே இருந்தார். அப்பாவும் நானும் முன்னால் ஏறிக்கொண்டோம். அம்மா பின்னால், தார்ப்பாய் போட்ட காகிதக் கட்டுகளோடு. அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நான்.

“எல்லாம் ஏத்தியாச்சான்னு கேளு,” என்றார் மாமா என்னிடம்.

“எல்லாம் ஏத்தியாச்சா?” என்று அப்பாவின் காதில் கத்தினேன்.

“ஏத்தியாச்சுன்னு சொல்லு,” என்றார் அப்பா.

“ஏத்தியாச்சாம்!”

மலை ஏறி முடிக்கும்வரை இப்படியே போனது. வளைவில் குளிருமே, பிள்ளைக்குச் சட்டை இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார் மாமா. பிள்ளையாகிய நானே அதை அப்பாவிடம் கேட்டு, பிள்ளைக்குச் சட்டை இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். அவ்வளவு முக்கியமான வேலையை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

கொழுந்து வாட்டும் மாடி, ஒரு பள்ளிக்கூடத்தையே உள்ளே வைத்துவிடலாம் போல நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் கம்பிவலை போட்ட நீண்ட தொட்டிகள். பறித்துவந்த பச்சைக் கொழுந்தை அதன்மேல் பரப்பி வைப்பார்கள். அடியிலிருந்து பெரிய விசிறிகள் காற்றை ஊத, இலை மெல்ல வாடும். அன்று அந்த வலைகள் காலியாக, கழுவித் துடைத்துக் கிடந்தன. அம்மாவோடு சிறுவயதில் விளையாடிய பெண்கள் ஐந்தாறு பேர் ஏற்கெனவே வந்து நின்றார்கள். அவர்களை யார் வரச் சொன்னது என்று மாமா கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. ஒருத்தி அம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இளைச்சிட்டடி,” என்றாள்.

வேலை தொடங்கியது. ஒட்டிப்போன கட்டுகளின் ஓரங்களில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தடவி, மூங்கில் சிராயை நுழைத்து, தாள் தாளாகப் பிரித்து, வலைமேல் பரப்பினார்கள். அப்பா ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். உரிமம் கிடைத்தபோது அதை யாரிடமும் காட்டாமல் தானே கொண்டுபோய் ஓரமாகப் பரப்பினார். நிலத்துப் பத்திரமும் கிடைத்தது. அப்பா, அம்மா பதிவுக் கல்யாணத்துச் சான்றிதழும், ஒரு வெள்ளைப்பூண்டு லேபிளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பிரித்துப் பரப்பியது மாமா. ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு நகர்ந்தார்.

மத்தியானத்துக்குள் மாடி முழுக்கக் காகிதமாகிவிட்டது. “விசிறியைப் போடப் போறேன்னு சொல்லு,” என்றார் மாமா.

“விசிறி போடப் போறாராம்!”

“மெதுவாப் போடச் சொல்லு.”

இந்தச் செய்தியை நான் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மாமா விசையைப் போட்டுவிட்டார்.

கொழுந்துக்கு வைக்கிற காற்று அது. ஈரக் கொழுந்தின் கனம் காகிதத்துக்கு உண்டா? தொட்டிகள் ஒரு முறை உறுமின. அவ்வளவுதான், எங்கள் தாத்தாவின் காலமெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து கூரையைப் பார்க்கப் போனது. கல்யாணங்களும் கருமாதிகளும் முட்டைக்கோஸும் மாதாவும் மாரியம்மனும் உத்தரத்துக்குக் கீழே சுற்றிச் சுற்றிப் பறந்தன. பெண்கள் கூச்சலிட்டார்கள். திறந்திருந்த ஜன்னல்களைப் பார்த்து ஒரு கூட்டம் காகிதம் கிளம்பியது. வெளியே மழை.

“மச்சான், விசிறியை நிறுத்துங்க!” என்று அந்த முனையிலிருந்து அப்பா கத்தினார்.

“மாப்ள, ஜன்னலைச் சாத்துங்க, ஜன்னல்!” என்று இந்த முனையிலிருந்து மாமா கத்தினார்.

அப்பா ஜன்னலுக்கு ஓடினார், மாமா விசைக்கு ஓடினார். வழியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, “அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்,” என்று பிரிந்தார்கள். விசிறி நின்றது. காகிதங்கள் தலையிலும் தோளிலும் தொட்டியிலும் மெதுவாக இறங்கின. மாடி அமைதியானது. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். மாமாவின் கழுத்துப்பட்டையில் ஒரு பூப்புனித நீராட்டு அழைப்பிதழ் செருகிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது அம்மாதான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பாவும் மாமாவும் அதைப் பார்க்காததுபோலக் காகிதம் பொறுக்கினார்கள்.

எனக்குத்தான் பெரிய ஏமாற்றம். அவ்வளவு இரைச்சலில், அவ்வளவு தூரத்தில், இரண்டு பேருக்கும் ஒருவர் சொன்னது ஒருவருக்குத் துல்லியமாகக் கேட்டிருக்கிறது! காது மந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு, “அந்தச் சல்லடையைக் கொண்டாங்க மாப்ள, மேல கவுத்தா பறக்காது,” என்று மாமா நேராகவே சொன்னார். தேயிலை சலிக்கிற சல்லடைகளை அப்பா தூக்கிவந்து தாள்களின் மேல் கவிழ்த்தார். விசிறியை மெல்லவும் சுழற்ற முடியும் என்பது பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது.

காய்ந்துகொண்டிருந்த தாள்களில் பெண்கள் தங்கள் கல்யாணப் பத்திரிகைகளைத் தேட ஆரம்பித்தார்கள். அந்தத் தோட்டத்தில் எங்கள் அச்சுக்கூடத்தில் பத்திரிகை அடிக்காத வீடு இல்லை. அம்மாவின் கன்னத்தைப் பிடித்த பெண்ணுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மேலே கிளிப் படம் போட்டது தன்னுடையது என்று நினைவிருந்தது. கிளிகளைத் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்து என்னிடம் கொடுத்து, படிக்கச் சொன்னாள். நான் படித்தேன். மாப்பிள்ளை பெயர் வந்ததும், “இன்னொரு வாட்டி படி,” என்றாள். படித்தேன். “நல்லாத்தான் போட்டிருக்காரு உங்க தாத்தா,” என்று சொல்லிவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அப்பா அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஒரு பிரதியும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது என்ற சட்டத்தை அவர் மீறி நான் பார்த்தது அன்றுதான்.

சாயங்காலம் கீழே ஜீப் சத்தம் கேட்டது. பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். துரை படியேறி வந்தார். அவர் வெள்ளைக்காரர் இல்லை, கோலாலம்பூரில் படித்த நம்மவர்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் துரைதான். தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு சல்லடையைத் தூக்கி, அடியிலிருந்த கருமாதி அழைப்பைப் பார்த்து, மறுபடி மூடினார்.

மாமா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் முடிப்பதற்குள் அப்பா முன்னால் போய், அவரும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மாமா குறுக்கிட்டார். அப்பா மறுபடி குறுக்கிட்டார். வீட்டில் அவ்வளவு பேசாத அப்பா, அன்று துரைக்கு முன்னால் விடாமல் பேசியது எனக்குப் பெருமையாக இருந்தது. நான்தான் வற்புறுத்திக் கொண்டுவந்தேன், இவர்மேல் தப்பில்லை என்று அப்பாவும், யாரும் என்னை வற்புறுத்தவில்லை, நானாகத்தான் திறந்துவிட்டேன் என்று மாமாவும் மாறி மாறிச் சொன்னார்கள் என்பதைப் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

துரை கத்தவில்லை. காலையில் கொழுந்து வருவதற்குள் வலையெல்லாம் கழுவியிருக்க வேண்டும், மை வாடை துளியும் இருக்கக்கூடாது என்றார். மாமாவை மறுநாள் பங்களாவுக்கு வரச் சொன்னார். துரை பங்களாவில் கேக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமாவுக்கு நல்ல நாள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காகிதங்கள் காய்ந்தன. அலையலையாக நெளிந்து, ஓரம் பழுத்து, தேயிலை வாசத்தோடு வீடு வந்து சேர்ந்தன. உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் அதிகாரி அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினாராம். தாத்தாவின் கடிதங்கள் பல தப்பவில்லை. வெறும் நீலக் கறையாகிவிட்டன. அப்பா அவற்றையும் எறியவில்லை. எந்தக் கறை எந்தக் கடிதம் என்று தனக்குத் தெரியும் என்பதுபோல அடுக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா வரத் தொடங்கினார். மோட்டாரைக் கடைக்கு முன்னால் நிறுத்துவார். எனக்குச் சீனக் கடை பிஸ்கட், அம்மாவுக்கு ஆலையிலிருந்து ஒரு பொட்டலம் தூள். அப்பாவும் அவரும் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்துக் கதையும் டவுன் கதையும் பேசுவார்கள். அம்மா அன்று ஆட்டிறைச்சி சமைப்பாள். வாரத்தில் மற்ற நாட்கள் எல்லாம் எனக்கு அந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தன.

அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா சாதாரணமாகச் சொன்னார். பெரிய கிராணி வேலைக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்களாம், கீழே ஒரு தோட்டத்திலிருந்து வந்த புது ஆள். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

“உங்களுக்குத்தானே மச்சான் வர வேண்டியது? இத்தனை வருஷ சர்வீஸ்.”

“விடுங்க மாப்ள.”

“அன்னிக்கு நான் அங்க வராம இருந்திருந்தா…”

“விடுங்கன்னு சொன்னேன்லா. பெரிய கிராணின்னா ஞாயித்துக்கிழமையும் கணக்கு, ரிப்போர்ட். இப்படி வந்து உக்கார முடியுமா?”

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழம்பு கொதிக்கவே இல்லை, ஆனாலும் கிளறிக்கொண்டிருந்தாள். 

எனக்கோ மனசு துள்ளியது. மாமா ஞாயிற்றுக்கிழமை வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! “நல்லதாப் போச்சு!” என்றேன் சத்தமாக. “அந்த வேலை உங்களுக்குக் கிடைக்கவே வேணாம் மாமா!”

அப்பா என்னை அதட்டப் போனார். மாமா அவரைக் கையமர்த்திவிட்டு, இலைக்கு முன்னாலிருந்து என்னைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் சிரித்த சிரிப்பில் என் முதுகு குலுங்கியது.

“இந்த வீட்டுல இவ ஒருத்திக்குத்தான்லா விஷயம் விளங்குது,” என்றார்.

நான் பெருமையோடு எல்லோரையும் பார்த்தேன்.